ரிலே வந்தது, சாக்கெட் எங்கே?

மின்சுற்று வரையும் மென்பொருளான ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலில் பேனல் (மின் கட்டுப்பாட்டுப் பெட்டி) வரைபவர்களுக்கு ஒரு குறிப்பு. பிளக்-இன் ரிலே, அதாவது சாக்கெட்டில் செருகும் மின்சுவிட்ச், படத்தில் ஒரு காயிலும் (இயக்கும் சுருள்) சில கான்டாக்டுகளும்தான் (சுவிட்ச் முனைகள்). கடையில் வாங்கும்போது ரிலே, சாக்கெட், கிளிப், சில சமயம் எல்இடி மாட்யூல் என்று தனித்தனிப் பொருள்கள். காயிலுக்கு ரிலேயின் கேட்டலாக் எண்ணை (தயாரிப்பாளரின் பொருள் எண்) மட்டும் கொடுத்தால் பொருள் பட்டியலில் சாக்கெட் வராது. பேனல் கட்டும் நாளில்தான் தெரியவரும்.

இதற்காகச் சாக்கெட்டுக்கு ஒரு போலிச் சின்னம் வரைய வேண்டாம். காயிலை எடிட் செய்யும் பெட்டியில் மல்டிபிள் கேட்டலாக் என்று ஒரு பொத்தான் இருக்கும். முதன்மை எண்ணுக்கு மேல் இன்னும் 99 எண்கள் வரை அங்கே சேர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கையோடு. கான்டாக்டருடன் (பெரிய மின்சுமைக்கான சுவிட்ச்) ஆக்சிலரி பிளாக் (கூடுதல் கான்டாக்டுகள் உள்ள துணைப் பாகம்) மாட்டினாலும் இதே வழிதான்.

ஒரே பொருள் சேர்க்கை அடிக்கடி வருமா? அப்படியானால் கேட்டலாக் தரவுத்தளத்திலேயே போட்டுவிடுங்கள். ரிலேயின் வரிசையில் அசெம்பிளி கோட் புலத்தில் ஒரு குறியீடு, சாக்கெட், கிளிப் வரிசைகளில் அசெம்பிளி லிஸ்ட் புலத்தில் அதே குறியீடு. அப்புறம் ரிலேயைத் தேர்ந்தெடுத்தால் மற்றவை தானாகக் கூடவே வரும். எனக்குப் பிடித்தது இந்த வழிதான்.

ஒரு எச்சரிக்கை: எண்கள் எல்லாம் பேரன்ட்டான (முதன்மைச் சின்னம்) காயிலில் மட்டும் இருக்கட்டும், அதைச் சார்ந்த சைல்டு கான்டாக்டுகளில் வேண்டாம். பொருள் பட்டியலை ஒருமுறை டேக் (படத்தில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள பெயர்) வாரியாக எடுத்துப் பாருங்கள், எந்த ரிலேக்குச் சாக்கெட் விட்டுப்போனது என்பது உடனே தெரியும்.