சவுண்டை மாற்றும் முன் லென்ஸைப் பாருங்கள்

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். பைக்குள் துண்டு சுற்றிய எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி, சிடியைவிட நுணுக்கமான பதிவு உள்ள டிஸ்க்) ப்ளேயர், கையில் மாற்ற வேண்டிய பாகங்களின் இரண்டு பக்கப் பட்டியல். ஆப்-ஆம்ப் (ஒலி சிக்னலைப் பெருக்கும் ஐசி) 4, புது கிளாக் போர்டு (டிஜிட்டல் பகுதிக்குத் தாளம் தருவது), ஜப்பான் கண்டன்சர் 38, வெள்ளி ஒயர், பின்பக்கத்துக்குத் தங்க முலாம் சாக்கெட். கூட்டிப் பார்த்தால் 70,000 ரூபாயைத் தாண்டியது. ப்ளேயரை அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கியதே 55,000-க்குத்தான்.

"அண்ணா, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. 2009-ல் நான் எழுதி வைத்திருந்த பட்டியலும் ஏறக்குறைய இதேதான். வெள்ளி ஒயர் உட்பட.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறவுங்கள், ஸ்க்ரூவைக் கிண்ணத்தில் போட்டு வையுங்கள், 120 வோல்ட் அமெரிக்கப் பெட்டியை நம் 230-ல் செருகாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. விஷயம் தெரிந்தவர்களே திரும்பத் திரும்ப விழும் குழிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

லென்ஸின் ஆயுளைப் பார்க்காமல் போர்டில் பணம் போடுவது

பட்டியலை ஓரமாக வைத்துவிட்டுத் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டேன். "இதோட லென்ஸ் எவ்வளவு ஓடியிருக்கு?" அவர் விழித்தார். அந்தக் கேள்விக்கு அவர் பட்டியலில் இடமே இல்லை.

கடையில் லென்ஸ் என்று சொல்வது லேசர் பிக்கப் முழுவதையும்தான். லேசர் டயோடு, மேலே குட்டி லென்ஸ், அதை அசைக்கும் சுருள்கள், டிஸ்க்கில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படிக்கும் சென்சார் எல்லாம் சேர்ந்த ஒரு கட்டி. ப்ளேயரில் முதலில் சாகக் கூடியவற்றில் முக்கியமானது அது. டயோடுக்கு வயதாக ஆக, அதே வெளிச்சத்தைத் தர அதிக மின்னோட்டம் கேட்கும். ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு ஊட்டினாலும் வெளிச்சம் ஏறாது. ஒழுங்காக வேலை செய்யும் ஆப்-ஆம்ப் 30 வருடம் ஓடும். லேசரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

எஸ்ஏசிடி ப்ளேயரில் தலைவலி இரண்டு மடங்கு. சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் லேசர், எஸ்ஏசிடிக்கு 650. 650 தளர்ந்தால் சிடி வழக்கம்போலப் பாடும், எஸ்ஏசிடி போட்டால் மட்டும் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு 'நோ டிஸ்க்' என்று காட்டும். சிடி பாடுகிறதே என்று நாமும் டிஸ்க்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

நான் அப்படித்தான் இருந்தேன். எஸ்ஏசிடி 1999-ல் வந்தது. அந்த ஆரம்ப காலத்து ஜப்பானியப் பெட்டி ஒன்றை 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அவ்வளவு கனம். அதன் அவுட்புட் பகுதியை அப்படியே அறுத்தெடுத்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து வால்வ் போர்டு வரவழைத்துப் போட்டேன். அதற்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர், புது கிளாக், நல்ல கண்டன்சர்கள். ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. பாகங்களுக்கு மட்டும் 68,000. மூடியைப் போட்டு முதல் டிஸ்க்கை வைத்த ராத்திரி தூங்கவே இல்லை. அந்தச் சந்தோஷத்தைப் பொய் என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

எட்டாவது மாதம் எஸ்ஏசிடி தயங்கியது. தூசி என்றேன். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன், ஒரு வாரம் ஓடியது. அப்புறம் பிக்கப்பின் பக்கவாட்டில் இருக்கும் குட்டிப் பொட்டை (லேசரின் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திருகினேன், இன்னும் இரண்டு வாரம். அதற்கப்புறம் ஒரு டிஸ்க்கும் ஏறவில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்த பிக்கப்பைக் காட்டினேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே கேஎஸ்எஸ்-213, சாதாரண சிடி ப்ளேயர்களுக்கானது, குவியலாக. "இது வேணும்னா எத்தனை வேணும்னாலும் தரேன் சார். உங்களோடது வர்றதில்ல." அந்த நம்பரைத் தயாரிப்பதே நின்று போயிருந்தது. இணையத்தில் தேடி மூன்று வாங்கினேன். முதலாவது வேறொரு செத்த பெட்டியிலிருந்து பிடுங்கியது. இரண்டாவது பார்க்க அச்சு அசல், ஆனால் வேறு மாடலுக்கானது. மூன்றாவது நான்கு மாதம் உழைத்தது. அதற்கு ஒரு 19,000. சர்வீஸ் சென்டரில் மூடியைத் திறந்து வால்வைப் பார்த்தார்கள், பேசாமல் மூடித் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

42-ம் 68-ம் 19-ம் சேர்த்தால் 1,29,000. அந்தப் பெட்டிக்கு டிஜிட்டல் இன்புட் கிடையாது என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. இருந்திருந்தால் டிஸ்க் பகுதி செத்தாலும் கம்ப்யூட்டரையோ வேறு ப்ளேயரையோ இணைத்து, என் வால்வ் போர்டு வழியாகப் பாட்டுக் கேட்டிருக்கலாம். ஓப்போ கம்பெனியின் பிடிபி-105, யுடிபி-205 ப்ளேயர்கள் இரண்டிலும் அந்த வசதி உண்டு. லேசர் போனாலும் அவை டாக் (டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றும் கருவி) ஆகப் பிழைத்துக்கொள்ளும். என்னுடையது சும்மா கனமான டப்பா ஆனது.

மோடு (பாகங்களை மாற்றி மேம்படுத்துவது) செய்து தருபவர்கள் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சல். கிளாக்கின் ஜிட்டர் (தாளத் தடுமாற்றம்) எத்தனை பிக்கோசெகண்ட் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். 'உங்கள் பிக்கப் எந்த நிலையில் இருக்கிறது, ஸ்பேர் கையில் இருக்கிறதா' என்று ஒரு வரி கேட்க மாட்டார்கள். கேட்டால் பாதி ஆர்டர் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சரி, எப்படிப் பார்ப்பது? சர்வீஸ் மேனுவல் தேடி எடுங்கள். சோனியின் பல பழைய பிக்கப்களில் ஒட்டியிருக்கும் லேபிளின் கடைசி மூன்று இலக்கம், புதிதாக இருந்தபோது லேசர் எடுத்துக்கொண்ட மின்னோட்டம். 435 என்றால் 43.5 மில்லியாம்பியர். இப்போது அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் இழுக்கிறது என்றால் முதுமை வந்துவிட்டது. ஆசிலோஸ்கோப் கிடைத்தால், பிக்கப் டிஸ்க்கிலிருந்து படித்துத் தரும் ஆர்எஃப் சிக்னலையும் பாருங்கள். நடுவில் சிறு வைரங்கள் போல இடைவெளி தெளிவாகத் தெரிய வேண்டும். உயரம் மேனுவலில் சொன்ன அளவுக்கு எட்ட வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் கையில் வாட்சைப் பிடித்துக்கொண்டு, டிஸ்க்கை எடுத்துக்கொள்ள எத்தனை விநாடி ஆகிறது என்று மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள்.

முதல் செலவு ஸ்பேர் பிக்கப்பாக இருக்கட்டும். கிடைக்கவில்லையா, அந்தப் பெட்டியில் மோடு வேண்டாம். கிடைத்து மாற்றும்போது, நிலைமின்சாரம் தாக்காமல் இருக்க ஃபேக்டரியில் வைத்த ஒரு சொட்டு ஈயம் பல புது பிக்கப்களில் இருக்கும். ஒயரை இணைத்த பிறகு அதை எடுக்க வேண்டும். எடுக்க மறந்துவிட்டு, புது பிக்கப்பே டெட் என்று குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அனலாக்கை மாற்றிவிட்டு ஹெச்டிஎம்ஐ-யில் கேட்பது

நம்ப மாட்டீர்கள், ஆனால் இது அடிக்கடி நடக்கிறது. ஒருவர் ஸ்டீரியோ அவுட்புட் முழுவதையும் மாற்றச் சொல்லி வாங்கிப் போனார். மூன்று மாதம் கழித்து வீட்டுக்குப் போனால், ப்ளேயரிலிருந்து ரிசீவருக்கு ஒரே ஒரு ஹெச்டிஎம்ஐ ஒயர். டிஜிட்டல் சிக்னல் அப்படியே வெளியேறி ரிசீவரின் டாக்கில் போய் இறங்குகிறது. நாங்கள் மாற்றிய ஒரு பாகத்தையும் அது தொடுவதில்லை. "மாற்றியதிலிருந்து பாஸ் நல்லா வருதுங்க" என்றார் அவர். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அனலாக் ஒயரில் கேட்டாலும் இன்னொரு பள்ளம் உண்டு. அறைக்கு ஏற்ப ஒலியைத் திருத்தும் வசதி உள்ள ரிசீவர்கள், வரும் அனலாக் சிக்னலை உள்ளே மறுபடி டிஜிட்டலாக்கித்தான் திருத்தும். டைரக்ட் மோடில் வைத்தால் ஒழிய உங்கள் விலை உயர்ந்த அவுட்புட், ரிசீவரின் கன்வெர்ட்டரில் கரைந்துவிடும்.

ஒலி அளவைச் சமன் செய்யாமல் ஒப்பிடுவது

பழைய பெட்டி 2 வோல்ட், மோடு செய்தது 2.2 வோல்ட் தருகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 0.8 டெசிபல் சொச்சம். சத்தம் கூடியது என்று காது சொல்லாது, 'தெளிவு கூடியிருக்கிறது' என்றுதான் சொல்லும். ரெசிஸ்டர் ஒன்றை மாற்றினாலே இந்த அளவு நகரலாம். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் போட்டு, அந்த அலைவரிசையையும் சரியாக அளக்கும் மல்ட்டிமீட்டரில் இரண்டையும் 0.1 டெசிபலுக்குள் கொண்டு வந்துவிட்டு, எது எது என்று தெரியாமல் கேளுங்கள்.

அமெரிக்காவில் பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். எஸ்ஏசிடி போன்ற உயர்தர டிஸ்க்குகளின் ஒலியை நேராகவும், நடுவில் சிடி தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வழியாக இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 554 முறை. சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டிப் போட்டாலும் அதேதான் வரும். வழக்கமான சத்தத்தில் இப்படி என்றால், இரண்டு நல்ல ஆப்-ஆம்ப்களுக்கு நடுவே மலையளவு வித்தியாசம் கேட்டது என்பவரிடம் நான் முதலில் மீட்டரைக் கேட்பேன்.

அந்த மீட்டர் 2009-ல் என்னிடம் இல்லை.

ஆப்-ஆம்ப்பை சட்டை போல மாற்றுவது

என்ஈ5532 என்ற பழைய ஆப்-ஆம்ப்பைக் கண்டாலே பலருக்கு முகம் சுளிக்கும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஸ்டுடியோ மிக்ஸிங் கன்சோல்கள் பலவற்றில் நிறைந்திருந்தது அந்தக் குடும்பத்து ஐசிதான். நீங்கள் ரசிக்கும் பழைய பதிவுகளில் பல, உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே டஜன் கணக்கில் 5532, 5534-களைத் தாண்டி வந்தவை.

மாற்றியே தீருவேன் என்றால், வேகத்தைக் கவனியுங்கள். 5532-இன் கெயின்-பேண்ட்வித் (அந்த வேகத்தின் ஓர் அளவு) 10 மெகாஹெர்ட்ஸ். எல்எம்4562 என்ற ஆப்-ஆம்ப்புக்கு 55. பழைய ஐசிக்காக வரைந்த போர்டில், சப்ளை பின்னுக்கு ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் இல்லாமல் வேகமான ஐசியைப் போட்டால், காதுக்கு எட்டாத அலைவரிசையில் அது தானாக ஊளையிடும். ஐசி சுடும், ஒலி கொஞ்சம் கரகரப்பாகும். அதையும் 'விவரம் கூடியிருக்கிறது' என்று ரசித்தவர் ஒருவர் இருந்தார். நான்தான்.

அப்புறம் போலிகள். ஓபிஏ627 ஆப்-ஆம்ப் என்று அச்சடித்து மலிவு விலையில் வருவதை நம்பாதீர்கள். கிரீடம் அச்சடித்த டிடிஏ1541ஏ எஸ்1 டாக் சிப் விஷயத்திலும் அதே கதை. மை புதிதாக இருக்கும், உள்ளே சாதாரண சரக்கு.

எல்லா கண்டன்சரையும் ஒரே நாளில் மாற்றுவது

எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாளைக்கு ஒரு பகுதி, பிறகு பாட்டு, பிறகு அடுத்தது.

இதில் ஒரு விலக்கு சொல்ல வேண்டும். 25, 30 வருடப் பெட்டியில் சப்ளை கண்டன்சர் வற்றியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதற்குப் பெயர் ரிப்பேர், மேம்பாடு கிடையாது. டிரே பெல்ட்டுக்கும், காய்ந்து பிசினாகிப்போன கிரீஸுக்கும் இதுவே பொருந்தும். எனக்கு வரும் 'சவுண்ட் போச்சு' கேஸ்களில் பாதி இந்த ரகம்.

பவர் கார்டு, ஸ்பெஷல் ஃப்யூஸ், வைரக் கால்கள்

வேண்டாம்.

பொட்டைத் திருகுவது

மேலே என் கதையைப் படித்தீர்கள் அல்லவா?

முகப்பைப் பார்த்து விலை கொடுப்பது

2010-ல் லெக்சிகான் பிடி-30 என்ற 3,500 டாலர் ப்ளூ-ரே ப்ளேயரைத் திறந்து பார்த்தபோது, உள்ளே 499 டாலர் ஓப்போ பிடிபி-83 தன் பெட்டியோடு முழுசாக உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு கனமான உறை மட்டும் போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து வாங்கும் மோடுகளிலும் இதே வாசனை வரும். பழைய போர்டின் மேல் ஒரு குட்டிப் போர்டு, அதன் மேல் பெரிய ஸ்டிக்கர். பணம் கட்டும் முன் உள்ளே எடுத்த படத்தைக் கேளுங்கள்.

கழற்றிய பாகங்களைத் தூக்கிப் போடுவது

என் பெட்டியை விற்கப் போட்டபோது வந்த மூன்று பேரும் கேட்டது ஒன்றே. "ஒரிஜினல் போர்டு இருக்கா சார்?" ஐந்து மாத உழைப்பில் ஒருவருக்கும் ஆர்வம் இல்லை. நான் அறுத்தெடுத்த பகுதி என்றைக்கோ பழைய இரும்புக்காரரிடம் போயிருந்தது. ஓப்போ 2018 ஏப்ரலில் கடையை மூடப் போவதாக அறிவித்த பிறகு, கை வைக்காத யுடிபி-205 பழையதே 1,299 டாலர் புது விலையைத் தாண்டிப் போகிறது. அதில் ஈயக்கம்பியை வைக்க எனக்குக் கை வராது. வைத்தே ஆக வேண்டும் என்றால் கழற்றியதையெல்லாம் ஜிப் கவரில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி, பெட்டியோடு வையுங்கள்.

கோயம்புத்தூர் தம்பியின் ப்ளேயரில் எஸ்ஏசிடி ஏற 31 விநாடி ஆனது. பெல்ட்டை மாற்றி, பிக்கப் நகரும் ரெயிலைத் துடைத்து கிரீஸ் வைத்துக் கொடுத்தேன். பட்டியலை என் மேஜையிலேயே விட்டுவிட்டு, லென்ஸ் நம்பரை மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். இன்னும் கிடைத்தபாடில்லை என்று நேற்று பேசினார்.