மலையில் பழைய லென்ஸ் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது. உப்பு ஜாடியில் நீர் விட்டிருக்கும். தீக்குச்சியை இரண்டு மூன்று தடவை உரசினால்தான் பற்றும். தோல் பெல்ட்டை ஒரு வாரம் தொடாமல் விட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். நாம் ஆசை ஆசையாக வாங்கிச் சேர்க்கும் பழைய லென்ஸ்களும் இதே காற்றில்தான் இருக்கின்றன. வறண்ட ஊர்க்காரர்கள் சொல்லும் யோசனைகளை மட்டும் நம்பி இங்கே சேர்க்க ஆரம்பித்தால், இரண்டே மழைக்காலத்தில் பாதி கண்ணாடி போய்விடும். எனக்கு அப்படிப் போயிருக்கிறது. புதிதாக ஆரம்பிக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

பெரிய தவறு எண்ணிக்கைக்காக வாங்குவது. உதகை இந்து நகரில், 1960-ல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைச் சில வருடங்களுக்கு முன் பார்க்கப் போயிருந்தேன். அவரிடம் நான்கே லென்ஸ்கள். நாற்பது வருடப் பழையவை, உள்ளே பளிங்கு மாதிரி இருந்தன. என்னிடம் பத்தொன்பது இருப்பதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஒவ்வொன்னையும் எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை வெளியே எடுக்கிறீங்க தம்பி?”

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிப் பார்த்தேன். அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் கேமராவில் மாட்டியவை ஐந்து. அந்த ஐந்திலும் ஒரு குறையும் இல்லை. தொடாமல் கிடந்த பதினான்கில் ஏழுக்கு ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, அடித்திருந்தது. அன்றைக்குத்தான் கணக்கு புரிந்தது. மாதம் ஒரு தடவையாவது வெளிச்சத்துக்கு எடுத்து, ரிங்கைச் சுற்றி, நாலு படம் எடுக்க உங்களால் எத்தனை லென்ஸுக்கு முடியுமோ, மலையில் உங்கள் சேகரிப்பின் அளவு அவ்வளவுதான்.

அந்த ஃபங்கஸ் எங்கிருந்து வருகிறது? ஒட்டுவாரொட்டி போல ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவதாகப் பலர் பயப்படுகிறார்கள். அதன் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. நேற்று வாங்கிய புது லென்ஸிலும் இருக்கும். முளைக்க ஈரம் வேண்டும். சுற்றியுள்ள ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், கண்ணாடியில் ஒட்டிய தூசியையும் விரல்ரேகையின் எண்ணெயையும் தின்று வளர ஆரம்பிக்கும். முதலில் ஓரத்தில் ஒரு மெல்லிய இழை தெரியும். அப்புறம் சிலந்திவலை போலக் கிளைத்து நடுவை நோக்கி வரும். அது விடும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சான கோட்டிங்கை அரித்து, விட்டால் கண்ணாடியையே அரிக்கும். இழையாக இருக்கும்போதே பிரித்துத் துடைத்தால் சுத்தமாகிவிடும். அரிப்பு விழுந்துவிட்டால், ஃபங்கஸைத் துடைத்தெடுத்த பிறகும் அதன் தடம் கண்ணாடியில் அப்படியே நிற்கும்.

வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். வெயில் வளர்ச்சியைத் தடுக்கலாம். இருக்கும் இழையை அழித்துவிடாது. கேப் இல்லாத லென்ஸை ஜன்னலோரம் விட்டால் சூரிய ஒளியைக் குவித்து மேஜைத் துணியைச் சுட்டுவிடும், அது இன்னும் ஆபத்து. உள்ளிருக்கும் கிரீஸும் சூட்டில் இளகி, ஒளி நுழையும் துளையைச் சிறிதாக்கிப் பெரிதாக்கும் அப்பர்ச்சர் பிளேடுகளில் வழியும்.

வைக்கும் இடத்தில் நடக்கும் தவறுகளில் முதலாவது தோல் உறை. பழைய லென்ஸோடு வரும் அந்த அழகான உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதிலேயே ஃபங்கஸ் வளரும். உறையைத் தனியாக வையுங்கள். அடுத்தது, வெளிச்சுவரை ஒட்டிய மர அலமாரி. நம் வீடுகளில் அந்தச் சுவர்தான் மழைக்காலம் முழுக்கக் குளிர்ந்து வியர்க்கிறது. முன்பெல்லாம் அலமாரிக்குள் நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிடுவார்கள், துணி பூக்காது. அது சூட்டினால் வேலை செய்தது. இன்றைக்கு அதே இடத்தில் எல்இடி பல்பைப் போட்டுவிட்டு ஃபங்கஸ் வராது என்று இருக்கிறோம்; அதில் வெளிச்சம் வருமே தவிர, காயவைக்கும் அளவுக்குச் சூடு வராது. அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும். அரிசிக்குள் புதைத்து வைப்பதும் வேண்டாம். மாவுத்தூசி ரிங் இடுக்குகளில் ஏறும்.

வசதி இருந்தால் ட்ரை கேபினட், அதாவது ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கும் மின்சாரப் பெட்டி, வாங்கிவிடலாம். இல்லாவிட்டால் பாத்திரக் கடையில் கிடைக்கும், மூடியில் ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத பெரிய டப்பா போதும். அதில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதத்தைக் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர். பலர் ஜெல்லை மட்டும் போட்டுவிட்டு மீட்டரை விட்டுவிடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே வருடம் ஓடிவிடும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 30-க்குக் கீழே இறக்கினால் கிரீஸும் ரப்பரும் காய்ந்துபோகும், அதுவும் நல்லதல்ல. நீல ஜெல் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். ஆரஞ்சு நிறத்தது பச்சையாகும். நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஆனால் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். நீல ஜெல்லில் இருக்கும் கோபால்ட் உப்பு நஞ்சு. அதற்கென்று ஒரு பழைய சட்டியை ஒதுக்கிவிடுங்கள்.

ஜெல்லை எப்போது மாற்றுவது என்பது நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கூடலூர், அவலாஞ்சி பக்கம் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிப்பதுதான் பெரிய மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது நினைவிருக்கும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபருக்குப் பிறகுதான் ஈரம் உச்சம். கூடலூர் நண்பரின் கால அட்டவணையைக் கோத்தகிரியில் பின்பற்றினால், ஜெல் தீர்ந்துபோன நேரத்தில் மழை வரும்.

இனி வாங்கும்போது நடப்பவை. கடையின் ட்யூப்லைட் வெளிச்சத்தில் லென்ஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு “க்ளீனா இருக்கு” என்று பணம் கொடுப்பது வழக்கமான தவறு. மொபைல் டார்ச்சே போதும். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, இரண்டு கேப்களையும் கழற்றுங்கள். டார்ச்சைப் பின்பக்கம் வைத்து முன்பக்கத்திலிருந்து, நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், குறை தெரியாது. சாய்க்கும்போது இழைகள் பளிச்சென்று எழுந்து வரும். இழை என்றால் ஃபங்கஸ். பால் ஆடை போல ஒரே சீராகப் படர்ந்திருந்தால் ஹேஸ். ஓரத்தில் வானவில் நிறத்தில் திட்டோ, சின்னக் குமிழ்களோ தெரிந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போயிருக்கிறது. அதைச் சரிசெய்யும் செலவு பெரும்பாலும் லென்ஸ் விலையைத் தாண்டும், விட்டுவிடுங்கள். நாலு தூசியைப் பார்த்து மிரள வேண்டாம், படத்தில் வராது. முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் இருந்தாலும் பரவாயில்லை. பின்கண்ணாடியில் கீறல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஹேஸைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும், இந்த மலையில் அது ஏமாற்றும். 135 மி.மீ. லென்ஸ் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். புதுசு மாதிரி இருக்கிறது என்று விற்றவர் எழுதியிருந்தார். லேம்ப்ஸ் ராக்கிலும் டால்பின் நோஸிலும் மாதக்கணக்கில் எடுத்தேன். எல்லாப் படமும் வெளுத்து, கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பலாக வந்தது. மூடுபனிதான் என்று நினைத்தேன். படம் அழகாக இருப்பதாகக்கூடத் தோன்றியது. ஜனவரியில் ஒரு காலை, உறைபனி விழுந்த மறுநாள், வானம் கழுவிவிட்டது போல இருந்தது. அன்றைக்கும் படம் அதே சாம்பல். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்தால் நடுக் கண்ணாடி முழுக்கப் பாலாடை. அதற்குள் திருப்பிக் கொடுக்கும் காலம் எப்போதோ முடிந்திருந்தது. எந்த லென்ஸ் வந்தாலும் முதல் வாரத்திலேயே, வீட்டுக்குள், ஜன்னலுக்கு எதிராக ஒரு கறுப்புத் துணியை வைத்து எடுத்துப் பாருங்கள். ஆன்லைன் விற்பனையாளரிடம் டார்ச் அடித்த படம் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் சுங்க வரியையும் கூரியரையும் சேர்த்த பிறகு விலையை ஒப்பிடுங்கள்.

அடுத்து மவுண்ட், அதாவது லென்ஸ் கேமராவோடு பொருந்தும் இடம். மாட்ட முடிந்தால் படமும் எடுக்க முடியும் என்று நினைப்பதுதான் இங்கே தவறு. ஒவ்வொரு மவுண்டுக்கும் லென்ஸ் பொருந்தும் விளிம்பிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. எம்42 திருகு மவுண்டுக்கு 45.46 மி.மீ., நிக்கான் எஃப்-க்கு 46.5, கேனான் ஈஎஃப்-க்கு 44, பழைய கேனான் எஃப்டி-க்கு 42. எம்42 லென்ஸை நிக்கான் டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த டிஜிட்டல் கேமரா) சாதாரண அடாப்டரோடு, அதாவது இணைப்பு வளையத்தோடு, மாட்டினால், லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போகிறது. வீட்டு வாசல் ரோஜா கூர்மையாக வரும். தூரத்தில் இருக்கும் கேத்தி பள்ளத்தாக்கு, ரிங்கை எப்படிச் சுற்றினாலும் கூர்மையாகாது. எஃப்டி லென்ஸை ஈஎஃப் கேமராவில் போட்டாலும் இதே கதை. இதைச் சரிசெய்ய நடுவில் ஒரு லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள், மலிவானவை படத்தின் தரத்தைக் கெடுக்கும். உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் இந்தத் தொல்லை இல்லை. சோனி ஈ 18 மி.மீ., நிக்கான் இசட் 16, கேனான் ஆர்எஃப் 20 என்பதால் அடாப்டருக்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

சோவியத் லென்ஸ் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 39 மி.மீ. திருகில் இரண்டு வகை உண்டு. பழைய ஜெனிட் எஸ்எல்ஆருக்குச் செய்தது ஒன்று, லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குச் செய்தது இன்னொன்று. திருகு ஒன்றே, தூரம் வேறு. ரேஞ்ச்ஃபைண்டருக்கு 28.8 மி.மீ. மட்டுமே. ஜூபிட்டர்-8 இந்த வகை. அதை எம்42 வளையத்தில் போட்டு டிஎஸ்எல்ஆரில் மாட்டினால் கைக்கெட்டும் தூரத்துக்கு மேல் எதுவும் தெளியாது.

1977-க்கு முந்தைய, மாற்றம் செய்யாத நிக்கான் லென்ஸ்களைப் பின்னால் வந்த பல நிக்கான் உடல்களில் நேரடியாக மாட்டினால், மவுண்ட் ஓரத்தில் இருக்கும் சின்ன நெம்பு உடைந்துவிடும். கேமராவின் கையேட்டைப் பார்க்காமல் மாட்டாதீர்கள். ஹீலியோஸ் 44-2 வாங்கிய பலர், அப்பர்ச்சர் ரிங் டிக் டிக்கென்று நிற்காமல் வழுக்குகிறது, பழுது என்கிறார்கள். பழுது இல்லை, அதில் இரண்டு ரிங். ஒன்றில் வேண்டிய அப்பர்ச்சர் அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, மற்றொன்றால் மூடித் திறக்க வேண்டும். 50 மி.மீ. எஃப்1.4 சூப்பர் டாகுமார் மஞ்சளாக இருக்கிறது என்று கோட்டிங்கைத் தேய்க்க வேண்டாம். தோரியம் கலந்த கண்ணாடி காலப்போக்கில் அப்படி மாறும், புறஊதா வெளிச்சத்தில் சில நாள் வைத்தால் தெளியும். சாதாரணமாகப் பயன்படுத்த பயமில்லை. பிரித்து அந்தக் கண்ணாடியைத் தேய்ப்பதோ உரசுவதோ கூடாது.

சுத்தம் செய்வதில் ஒரே விதி, ஊதாமல் துடைக்காதீர்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், ஃபங்கஸுக்கு அதுவே சாப்பாடு. ரப்பர் புளோயரால் மணலைத் தள்ளிய பிறகுதான் துணி. சட்டை நுனி வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, மலையிலிருந்து இறங்கும்போது. மார்கழியில் உதகையில் விடிகாலை படம் எடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறினால், பைக்குள் லென்ஸ் இன்னும் சில்லென்று இருக்கும். மேட்டுப்பாளையத்தில் இறங்கிய கையோடு பையைத் திறந்தால், கீழே இருக்கும் வெதுவெதுப்பான ஈரக் காற்று கண்ணாடியில் நீராகப் படியும், சில நேரம் உள் கண்ணாடியிலும். ஏறும் முன்பே லென்ஸை ஒரு ஜிப் கவரில் போட்டு இறுக்கி மூடிவிடுங்கள். இறங்கியதும் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு டீ குடியுங்கள். அரைமணி நேரம் போகட்டும். கவரின் வெளிப்பக்கம் தொட்டால் சில்லென்று இல்லாவிட்டால் திறக்கலாம்.