அம்பயர் மீது புகார்: வார இறுதி லீக் கமிட்டிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையில் தாராவி, சயான், செம்பூர் வட்டாரங்களில் ஊர்ப் பெயரிலும் தெருப் பெயரிலும் அணி அமைத்து, ஞாயிறுதோறும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடும் தமிழ் இளைஞர்கள் ஏராளம். அவர்களுக்காக லீக் நடத்தும் கமிட்டிக்கு மைதானம் பிடிப்பதையும் நுழைவுக் கட்டணம் வசூலிப்பதையும் விடக் கடினமான வேலை, ஆட்டம் முடிந்த இரவே வந்து சேரும் அம்பயர் புகாரைக் கையாள்வதுதான். வந்த புகார் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்லப் புறப்படுவது கமிட்டிகள் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே முளைக்கின்றன.

அம்பயர் கண்ணால் பார்த்துச் சொன்ன முடிவு ஒரு வகை. விதியையே தவறாகப் பயன்படுத்தியது இன்னொரு வகை. தகாத பேச்சு, ஒருதலைச் சார்பு, போதையில் வந்தது போன்ற நடத்தைக் குறைகள் மூன்றாவது வகை. முதல் இரண்டையும் பிரித்தறிவது எளிதாகத் தோன்றினாலும், நடைமுறையில் எல்லோரும் இடறுவது அங்கேதான். பந்து லெக் ஸ்டம்ப் (பேட்ஸ்மேனின் கால் பக்க ஸ்டம்ப்) கோட்டுக்கு வெளியே தரையில் பிட்ச் ஆனால் எல்பிடபிள்யூ, அதாவது ஸ்டம்ப்பை நோக்கிப் போன பந்தைக் காலால் தடுத்ததற்கான அவுட், கொடுக்கக் கூடாது என்பது விதி. “கோட்டுக்குள் விழுந்ததாகத்தான் நான் பார்த்தேன்” என்று அம்பயர் சொன்னால் அது பார்வை சார்ந்த முடிவு. அவர் பார்த்தது பிழையாகவே இருந்தாலும் அதைக் கமிட்டி தொடக் கூடாது. “வெளியேதான் விழுந்தது, ஆனால் ஸ்டம்ப்பை அடித்திருக்கும் என்பதால் கொடுத்தேன்” என்று அவர் சொன்னால் அது விதி தெரியாத பிழை. அதைக் கமிட்டி விசாரிக்கலாம், விசாரிக்கவும் வேண்டும். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அவர் கொடுத்தது சரியா என்பதைவிட, அவர் எதைப் பார்த்ததாகச் சொல்கிறார் என்பதே.

அடுத்த தவறு, முடிந்த ஆட்டத்தின் முடிவை மாற்றுவது. கிரிக்கெட்டின் விதிகளை வகுக்கும் மெரில்போன் கிரிக்கெட் கிளப் வெளியிடும் விதிகளின்படி, அம்பயர் தம் முடிவை உடனடியாக மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றாவிட்டால் அதுவே இறுதியானது. ஆட்டம் முடிந்து, ஸ்கோர் சரியென்று அம்பயர்களும் ஸ்கோரர்களும் ஒப்புக்கொண்ட பிறகு முடிவை மாற்ற இயலாது என்று 16-ஆம் விதி சொல்கிறது. ஓவரில் எண்ணிக்கை தவறி ஏழாவது பந்து வீசப்பட்டு, அதில் சிக்சர் போனது என்ற புகார் லீக்குகளில் அடிக்கடி வரும். அம்பயர் எண்ணியபடியே அந்த ஓவர் நிலைக்கும் என்பது விதியில் வெளிப்படையாக இருக்கிறது. இதை அறியாத கமிட்டி ஆறு ரன்னைக் கழித்து வெற்றியைத் திருப்பிக் கொடுத்தால், அடுத்த வாரம் ஸ்கோர் ஷீட்டோடு நான்கு அணிகள் வாசலில் நிற்கும். விதிப் பிழை உறுதியானால் அதை எழுத்தில் ஒப்புக்கொள்வதும், அந்த விதியை எல்லா அம்பயர்களுக்கும் நினைவூட்டுவதும் போதும். மறு ஆட்டம் என்பது, மும்பையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானம் கிடைக்கும் சிரமத்தை அறிந்தவர் எவரும் எளிதில் உச்சரிக்காத சொல்.

தவறான முடிவைத் திருத்த வழியே இல்லையா என்றால், களத்திலேயே ஒன்று இருக்கிறது. அடுத்த பந்து ஆட்டத்துக்கு வருவதற்குள், இன்னிங்ஸ் முடிந்துவிட்டிருந்தால் அம்பயர்கள் மைதானத்தை விட்டு வெளியேறுவதற்குள், அம்பயரின் சம்மதத்தோடு ஃபீல்டிங் அணியின் கேப்டன் அப்பீலை (அவுட் கேட்டு எழுப்பிய முறையீட்டை) திரும்பப் பெறலாம். 1980 பிப்ரவரியில் இதே மும்பையின் வான்கடே மைதானத்தில் நடந்த பொன்விழா டெஸ்ட்டில், கீப்பர் கேட்ச் என்று அவுட் கொடுக்கப்பட்ட இங்கிலாந்தின் பாப் டெய்லரை இந்திய கேப்டன் குண்டப்பா விஸ்வநாத் திரும்ப அழைத்தார். டெய்லர் 43 ரன் எடுத்தார். சக வீரர் இயன் போத்தமுடன் அவர் சேர்த்த ரன்கள் ஆட்டத்தையே திருப்பின. இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. இந்தக் கதையை லீக் தொடக்கக் கூட்டத்தில் கேப்டன்களுக்குச் சொல்வதில் தவறில்லை, தோற்றதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எழுதிவைக்காத விதியை மீறியதாக அம்பயரைக் குற்றம் சாட்டுவதும் பரவலான தவறு. வலை கட்டிய டர்ஃபில் ஆடும் பாக்ஸ் கிரிக்கெட்டில் பக்க வலையில் பட்டால் எத்தனை ரன், கடைசி பேட்ஸ்மேன் தனியாக ஆடலாமா, எல்பிடபிள்யூ உண்டா இல்லையா என்பவை லீக்குக்கு லீக் மாறும். ஆசாத் மைதானம் போன்ற இடங்களில் ஒரு ஆட்டத்தின் எல்லைக்குள் பக்கத்து ஆட்டத்தின் ஃபீல்டர் நிற்பார்; பந்து அவர் காலில் பட்டு நின்றால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதி, இரு கேப்டன்களிடமும் கையொப்பம் வாங்கிவிட வேண்டும்.

அம்பயரை பேட்டிங் அணியே நிறுத்தும் வழக்கம் பல லீக்குகளில் இருக்கிறது. செலவு இல்லை என்பது உண்மையே. ஆனால் ஒருவர் தம் சொந்த அணியின் பேட்ஸ்மேனுக்கு ரன் அவுட் கொடுத்துவிட்டுப் பெவிலியனில் அவனருகே உட்கார வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. முந்தைய ஆட்டத்தில் ஆடி முடித்த அணியிலிருந்து இருவரை நிறுத்துவது மேல். விசாரிக்கும் இடத்திலும் இதே சிக்கல் உண்டு. ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் நடத்தும் லீக்கில், கமிட்டி உறுப்பினர் ஒருவர் புகார் கொடுத்த கேப்டனுக்குத் தாய்மாமனாகவும் மற்ற அணியின் ஸ்பான்சருக்குப் பங்காளியாகவும் இருப்பது சகஜம். அத்தகைய உறவு உள்ளவர் அந்தப் புகாரின் விசாரணையில் உட்காரக் கூடாது. அவர் எவ்வளவு நல்லவர் என்பது இங்கே கேள்வியில்லை.

கைப்பேசி வீடியோவைத் தீர்ப்புக்கு அடிப்படையாகக் கொள்வது இப்போது புதிதாகப் பெருகிவரும் தவறு. பந்து வீசும் முனைக்குப் பின்னே ஓரமாக இருக்கும் லாங் ஆன் பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் பந்தின் நேர்க்கோடு தெரியாது. கிரீஸுக்கு நேர் பக்கவாட்டில் இல்லாத கேமரா, நோ பாலையும் ரன் அவுட்டையும் பொய்யாகவே காட்டக்கூடும். மேலும், தனக்குச் சாதகமான பந்தை மட்டுமே ஒரு அணி அனுப்பிவைக்கும். நடத்தை பற்றிய புகாரில் வீடியோவை ஏற்கலாம். எல்பிடபிள்யூவிலோ கேட்சிலோ ஏற்பதில்லை என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவது நல்லது.

வாட்ஸ்அப் குழுவில் வந்த வசையைப் புகாராக எடுத்துக்கொள்ளவே கூடாது. கேப்டன் மட்டும், மறுநாள் இரவுக்குள், எந்த ஓவர், என்ன நடந்தது, எந்த விதி என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். அதோடு வைப்புத் தொகையும் வாங்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்துகிறார்கள். காசுள்ள அணி மட்டுமே முறையிடும் நிலையைத்தான் அது உண்டாக்கும் என்பது என் எண்ணம்.

அம்பயரைக் கேட்காமல் முடிவெடுப்பதை மன்னிக்க முடியாது. மும்பையில் இதற்கு ஒரு கூடுதல் பரிமாணம் உண்டு. புகார் தமிழில் எழுதப்படும். விவாதம் தமிழில் நடக்கும். அம்பயரோ மராத்தியோ இந்தியோ மட்டும் அறிந்தவராக இருப்பார். தம்மைப் பற்றி என்ன பேசப்படுகிறது என்றே புரியாமல், அடுத்த வாரம் வர வேண்டாம் என்ற செய்தி மட்டும் அவருக்குப் போய்ச் சேரும். புகாரின் சாரத்தை அவர் அறிந்த மொழியில் கொடுத்து, இரண்டு நாள் அவகாசத்தில் பதில் பெற வேண்டும்.

களத்தில் நடக்கும் எதிர்ப்பை, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதும் பிழை. 2017-இல் வந்த 42-ஆம் விதி, சொல்லாலோ செயலாலோ முடிவை எதிர்ப்பதற்கு முதல் முறை எச்சரிக்கையும், அதே அணி மீண்டும் செய்தால் 5 பெனால்டி ரன்களும் என்று வகுத்துள்ளது. அம்பயரைத் தாக்குவதாக மிரட்டும் ஆட்டக்காரரை அந்த ஆட்டத்தின் மீதி முழுவதற்கும் வெளியேற்றலாம். கோபித்துக்கொண்டு ஆட மறுக்கும் அணிக்கு எதிராக ஆட்டத்தை அம்பயர்களே மற்ற அணிக்கு வழங்கலாம். வெளிநடப்புச் செய்த அணியைக் கெஞ்சி அழைத்துவந்து புள்ளிகளைப் பகிர்ந்துகொடுக்கும் கமிட்டி, வெளிநடப்புக்குப் பரிசு கொடுக்கிறது.

பதில் அனுப்பியதோடு கோப்பை மூடிவிடுவதே மிச்சமுள்ள தவறு. தேதி, அணி, அம்பயர், புகாரின் வகை, முடிவு என்று ஐந்து நெடுவரிசைகள் கொண்ட ஒரு நோட்டுப் போதும். ஒரே அம்பயரின் நோ பால்களைப் பற்றி மூன்று அணிகள் எழுதியிருந்தால் அவருக்கு விதிப் பயிற்சி தேவை என்று தெரியும். மூன்று அம்பயர்களைப் பற்றி ஒரே அணி எழுதியிருந்தால் பேச வேண்டியது அந்த அணியின் கேப்டனிடம். அரையிறுதிக்கு யாரை நிறுத்துவது என்ற பேச்சு வரும்போது, அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர்களை எழுத வேண்டும்.