தசை வலிமைக்கு மார்க் போடும்போது 3-இல் தொடங்குங்கள்

கேஸ் ஷீட்டில் 'பவர் 4/5' என்று எழுதிவிடுவோம், ரவுண்ட்ஸில் அந்த 4 எப்படி வந்தது என்று கேட்டால் முழிப்போம். இந்த 0 முதல் 5 வரையான அளவு, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் நரம்புக் காயங்களுக்காக பிரிட்டனின் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் வெளியிட்ட கையேட்டில் வந்தது. இன்றும் எம்.ஆர்.சி. கிரேடு என்றால் இதுதான்.

முழங்காலை நீட்டும் முன்தொடைத் தசையான குவாட்ரிசெப்ஸையே எடுத்துக்கொள்வோம். நோயாளியைக் கட்டில் ஓரத்தில் கால் தொங்க உட்கார வைத்து, முதலில் நல்ல காலைப் பாருங்கள், அவருடைய இயல்பான பலம் எவ்வளவு என்று அப்போதுதான் கைக்குப் பிடிபடும். அப்புறம் பலவீனமான கால். "காலை நீட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டு நீங்கள் தொடாமல் இருங்கள். புவியீர்ப்பை எதிர்த்து முழுசாக நீட்டிவிட்டால் 3 உறுதி. மேலே போவதா கீழே போவதா என்பது இங்கேதான் முடிவாகும்.

மேலே போவதானால், முழங்காலைச் சற்றே மடக்க வைத்து (முழுசாக நீட்டியிருந்தால் மூட்டு பூட்டிக்கொண்டு உங்களை ஏமாற்றிவிடும்), கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே கை வைத்து, "விடாதீங்க, பிடிச்சுக்கோங்க" என்றபடி அழுத்தத்தை மெல்லக் கூட்டுங்கள். வெடுக்கென்று தள்ளினால் யார் காலும் இறங்கத்தான் செய்யும். அசையாமல் தாங்கினால் 5, கொஞ்சம் தாங்கிவிட்டு இறங்கினால் 4.

3 வரவில்லையா? புவியீர்ப்பு தடுக்காதபடி ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலே இருக்கும் பலவீனமான காலை உங்கள் கையில் ஏந்திக்கொண்டு நீட்டச் சொல்லுங்கள். நீட்டினால் 2. அதுவும் இல்லையென்றால் முழங்கால் சில்லுக்கு மேலே விரல் வைத்துக் காத்திருங்கள், தசை லேசாக இறுகுவது தட்டுப்பட்டால் 1, ஒன்றுமே இல்லையென்றால் 0.

கெண்டைக்கால் தசைக்கு மட்டும் கையை நம்பாதீர்கள். உடல் எடையையே தூக்கும் தசை அது, நாம் அழுத்துவதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் திரும்பத் திரும்ப உயர்த்தச் சொல்லுங்கள். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னாலோ, தோள் தசையான டெல்டாய்டால் முடியாதபோது ஆள் உடம்பையே சாய்த்துக் கையை உயர்த்திவிடுவார், அதனால் உங்கள் இன்னொரு கை அவர் தோள்பட்டை மேலேயே இருக்கட்டும்.

என்னைக் கேட்டால் இந்த அளவில் மோசமான எண் 4 தான். கொஞ்சூண்டு அழுத்தத்தைத் தாங்குபவரும் கிட்டத்தட்ட இயல்பாக இருப்பவரும் அதே 4-இல்தான் வருகிறார்கள். 4-, 4+ என்று பிரித்தாலும் ஆளுக்கு ஆள் மாறும். முன்னேற்றத்தைத் தொடர்ந்து பார்க்க வேண்டுமானால், கையடக்க டைனமோமீட்டர் (தசையின் பலத்தை அளக்கும் கருவி) இருந்தால் அதில் அளந்து எழுதுங்கள். வலியால் காலை விட்டுவிட்டாரானால் வெறும் எண்ணை மட்டும் போடாமல், 'வலியால் முழுசாகச் சோதிக்க முடியவில்லை' என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.