ரம்பை இலை ஐஸ்கிரீம், மெஷின் இல்லாமல்

ரம்பை இலையைப் பலரும் பிரியாணிக்கும் கறிக்கும் மட்டும்தான் போடுகிறார்கள், ஆனால் பாசுமதி அரிசியை மணக்க வைக்கும் அதே பொருள் இதிலும் இருப்பதால் பாலோடு சேரும்போது இதற்கு ஈடே இல்லை.

400 மில்லி கிரீம் வாங்குங்கள். கொழுப்பு 30 விழுக்காட்டுக்குமேல் இருக்க வேண்டும், 25 விழுக்காடு உள்ள டெட்ரா பேக் கிரீம் எவ்வளவு அடித்தாலும் பொங்கி வராது. ஆறேழு இலைகளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நீளவாக்கில் கிழித்து முடிச்சுப் போட்டு கிரீமில் போடுங்கள். சிறு தீயில் வையுங்கள், ஓரத்தில் குமிழ் வந்ததும் இறக்கி மூடி அரை மணி நேரம் விடுங்கள். கொதிக்க விட்டால் புல் வாசம்தான் வரும். அப்புறம் இலையைப் பிழிந்து எடுத்துவிட்டு, இரவு முழுக்க ஃபிரிட்ஜில். இதில் அவசரமே கூடாது, கிரீம் நன்றாகக் குளிர்ந்திருந்தால்தான் அடிக்க வரும்.

மறுநாள் பீட்டரால் அடியுங்கள், பீட்டரைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கும் பதம் போதும், அதைத் தாண்டினால் வெண்ணெய் திரளும். 200 கிராம் கண்டென்ஸ்டு மில்க், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து கரண்டியால் மெதுவாகக் கலந்து, மூடியுள்ள டப்பாவில் ஊற்றி 8 மணி நேரம் ஃபிரீசரில் வையுங்கள்.

பச்சை நிறம் வேண்டுமா? இலையை அரைத்து வடித்த சாறு இரண்டு தேக்கரண்டி போதும், கூடினால் ஐஸ் நறநறவென்று பல்லில் படும்.