ஏர் ரைஃபிள் பெல்லட்டின் எடை: பலர் சறுக்கும் இடங்கள்

ஏர் ரைஃபிள் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தைத்தான். அந்த எண் பெரும்பாலும் மிக இலேசான பெல்லட்டை, அதாவது ஈயக் குண்டை, சுட்டு எடுத்ததாக இருக்கும். அதே வேகம் வேண்டும் என்று இலேசான பெல்லட்டையே தேடி அலைவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். அதை நெருங்கும்போது இடுப்பு சிறுத்த பெல்லட் காற்றில் தள்ளாடத் தொடங்கும், குறி சிதறும். ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை அழுத்திக் குண்டைச் செலுத்துவது ஸ்பிரிங் துப்பாக்கி. அதற்கு இன்னொரு கேடும் உண்டு. இலேசான பெல்லட் குழலை விட்டுச் சட்டென்று ஓடிவிடும். பிஸ்டனுக்கு முன்னால் மெத்தை போல் நிற்க வேண்டிய காற்றழுத்தம் குறைந்து, பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் மோதும். சீலும் ஸ்பிரிங்கும் சீக்கிரமே போய்விடும்.

சரி, கனமாகவே வாங்கிவிடலாமா? அதுவும் தவறுதான். 15 ஜூல் சக்தி தரும் துப்பாக்கி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 7 கிரெயின் (0.45 கிராம்) பெல்லட் விநாடிக்கு 258 மீட்டர் வேகத்தில் கிளம்பும், 10.3 கிரெயின் (0.67 கிராம்) பெல்லட்டுக்கு அது 212 மீட்டர்தான். கனமானது வேகத்தை மெதுவாக இழக்கும், காற்றுக்கும் குறைவாக விலகும். ஆனால் பயண நேரம் கூடுவதால் அதிகம் தாழும். அதிலும் ஸ்பிரிங் துப்பாக்கி கனமான பெல்லட்டுக்கு அந்த 15 ஜூலை முழுதாகத் தருவதில்லை. பிஸ்டன் அழுத்தத்தில் பின்வாங்கித் துள்ளும், சக்தி வீணாகும். முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றால் சுடும் பிசிபி துப்பாக்கியில் நேர்மாறு: எடை கூடினால் சக்தியும் கூடுவதே வழக்கம். இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேல் போனால் உரிமம் வேண்டும். பிசிபி வைத்திருப்பவர்கள் தாங்கள் போடும் பெல்லட்டிலேயே அளந்து பார்ப்பது அவசியம்.

பெல்லட்டை மாற்றிவிட்டு, குறி பார்க்கும் சைட்டைப் பழையபடியே விட்டுவிடுவது அடுத்த தவறு. 10 மீட்டர் போட்டி டார்கெட்டில் பத்துப் புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. துளையின் விளிம்பு தொட்டாலே பத்து என்றாலும், நடு மையத்திலிருந்து குண்டு 3 மி.மீ. விலகினால் ஒன்பதுதான். எடை மாறினால் குண்டு விழும் இடம் அதற்கு மேலும் நகரலாம். மேலே கீழே மட்டுமல்ல, பக்கவாட்டிலும்.

எடையை மட்டும் பார்த்துத் தலை விட்டத்தை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. 0.53 கிராம் என்று ஒரே எடை போட்ட டப்பாக்களில் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று தலை அளவு வேறுபடும். ஒரே மாடல் துப்பாக்கி இரண்டு இருந்தால், ஒன்றுக்குச் சரியாக அமைவது மற்றதற்கு அமையாமல் போகலாம். நண்பர் சொன்னார் என்று பத்து டப்பா வாங்கி அடுக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா வாங்குங்கள், துப்பாக்கியை மணல் மூட்டையில் தாங்கிவைத்து, ஒரே குறியில் பத்துப் பத்துக் குண்டுகளாகச் சில குரூப் சுடுங்கள். மூன்று குண்டு ஒரே துளையில் போனது தற்செயலாகவும் இருக்கலாம். அமைந்துவிட்டால் அப்புறம் அதே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணிலேயே கூடுதலாக வாங்கி வையுங்கள். லாட் மாறினால் திரும்பவும் சுட்டுப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

ஈயம் மிருதுவானது. கீழே விழுந்து பாவாடை (விரிந்த பின்பகுதி) நசுங்கிய பெல்லட்டைத் திரும்பப் போடாதீர்கள். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.