குழு லோன் கட்ட முடியலயா? ஒளியாதீங்க, மீட்டிங்குக்கு போங்க

போன வருஷம் மழையில ரெண்டு வாரம் வேலையே இல்ல, குழு லோனுக்கு வாரத் தவணை 1,150 ரூபா கட்ட முடியல. குழு பொம்பளைங்க கூடி தவணை கட்டுற மீட்டிங்குக்கு போக வெக்கப்பட்டு வீட்டுலயே கெடந்தேன். வசூலுக்கு வந்த தம்பி ராத்திரி எட்டரை வரைக்கும் திண்ணையில பைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு, எதிர்வீட்டு பிள்ளைங்க எட்டி எட்டி பாக்குது, எனக்கு சோத்துல கை வைக்க முடியல. அன்னிக்கு தெரியாதது எல்லாத்தையும் இப்ப சொல்றேன்.

காசு இல்லன்னாலும் மீட்டிங்குக்கு போங்க. 2022 மார்ச்சுல ரிசர்வ் பேங்க் போட்ட விதி, வருஷத்துக்கு 3 லட்சம் வரைக்கும் வருமானம் உள்ள குடும்பத்துக்கு ஜாமீன் இல்லாம குடுக்குற மைக்ரோ லோன், அதாவது நம்ம குழு லோன் மாதிரி சின்ன லோன் எல்லாத்துக்கும் பொருந்தும். பேசி வச்ச இடத்துல தான் வசூல் பண்ணணும், நீங்க தொடர்ந்து ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ அங்க வரலன்னா தான் வீட்டுக்கோ வேலை செய்யுற இடத்துக்கோ வரலாம். அதாவது நம்ம ஒளிஞ்சா நம்மளே கதவ தொறந்து விட்ட மாதிரி. காலையில 9 மணிக்கு முன்னாடி, சாயந்திரம் 6 மணிக்கு மேல போன் பண்ணக்கூடாது, கெட்ட வார்த்தை பேசக்கூடாது, சொந்தக்காரங்கள தொந்தரவு பண்ணக்கூடாது, ஊருக்கு முன்னாடி பேர சொல்லி அசிங்கப்படுத்தக்கூடாது.

வாய் வார்த்தையா மட்டும் சொல்லிட்டு வராதீங்க. நோட்டுல ஒரு பக்கம் கிழிச்சு பேரு, லோன் நம்பர், இப்ப வீட்டுக்கு எவ்ளோ வருது, அரிசி வாடகை பள்ளிக்கூடம் போக எவ்ளோ மிச்சம், வாரம் எவ்ளோ கட்ட முடியும்னு எழுதி, தவணைய கொறச்சு குடுங்கன்னு கேளுங்க. கிளைக்கு நேர்ல போய் குடுத்துட்டு இன்னொரு காப்பில சீல் வாங்குங்க, போடமாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. 200 ரூபா கட்டுனாலும் லோன் அட்டையில அவங்க கண்ணு முன்னாடி எழுத வைக்கணும், ரசீது வாங்கணும். 30 நாள்ல சரியான பதில் வரலன்னா ரிசர்வ் பேங்க் குறைதீர்ப்பாளர் கிட்ட புகார் குடுக்கலாம், 14448க்கு அடிச்சா எப்படின்னு சொல்லுவாங்க.

வீட்டுக்கு வந்தாங்கன்னா ஐடி கார்டு கேளுங்க, வாசல்லயே நின்னு பேசுங்க, போன்ல ரெக்கார்ட் ஓடட்டும். மெரட்டுனா, போகமாட்டேன்னு உக்காந்தா போலீஸுக்கு 112ல போன் பண்ணுங்க. இப்படி நெருக்கடி குடுக்குறத தண்டிக்க தமிழ்நாட்டுலயே 2025ல தனியா சட்டம் வந்திருக்கு. வெத்துப்பேப்பர்ல கையெழுத்து, ரேஷன் கார்டு, வெத்துசெக், எதுவுமே குடுக்காதீங்க.

"போலீஸ் வந்து தூக்கிட்டு போகும்"னு சொல்றத நம்பாதீங்க, தவணை கட்டலங்கிறதுக்காக மட்டும் ஜெயில் கெடையாது. ஆனா செக் குடுத்து அது ரிட்டர்ன் ஆகியிருந்தா அது வேற கதை, அது கிரிமினல் கேஸ் ஆகலாம். கோர்ட்டுல இருந்து எது வந்தாலும் பிரிச்சு படிச்சு அந்த தேதிக்கு போயே ஆகணும். வக்கீலுக்கு காசு இல்லயேன்னு நினைக்காதீங்க, மாவட்ட கோர்ட்டுலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காமலே இலவசமா வக்கீல் வச்சு குடுப்பாங்க, போன் நம்பர் 15100.

இந்த தவணைய அடைக்க இன்னொரு குழுவுலயோ மீட்டர் வட்டிக்கோ மட்டும் போயிடாதீங்க அக்கா. எங்க தெருவுல நாலு பேரு அப்படி தான் ஒன்ன அஞ்சாக்கிக்கிட்டாங்க. ஏற்கனவே கந்துவட்டியில மாட்டியிருந்தா அதுக்கு 2003லயே தடைச்சட்டம் இருக்கு, கலெக்டர் ஆபீஸ்லயோ ஸ்டேஷன்லயோ எழுதி குடுங்க. கூட இருக்குற குழு பொம்பளைங்க கட்டச்சொல்லி நெருக்குனா அவங்க மேல கோவப்படாதீங்க, லோன் குடுத்தவங்க அவங்களையும் உக்கார வச்சு தான் அமுக்குறாங்க. மனசு ரொம்ப ஒடஞ்சு தப்பான நெனப்பு வந்தா அரசாங்க மனநல உதவி நம்பர் 14416, எந்த நேரமும் பேசலாம்.

நான் லெட்டர் குடுத்த மூணாவது வாரம் மேனேஜரே கூப்ட்டாரு, மூணு மாசத்துக்கு வாரம் 600 கட்டுங்கன்னு அட்டையில எழுதி கையெழுத்து போட்டு குடுத்தாரு. அந்த அட்டைய இன்னும் அரிசி டப்பாவுக்கு அடியில தான் வச்சிருக்கேன்.